இரத்தப் புற்றும் 'மரபு' என்னும் சொல்லும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் மருத்துவம் பேசப் புகுவதேன் என்று சிலர் வினவக்கூடும். ஒரு சொல்லால் விளைந்த மயக்கத்தை நீக்குதல் தமிழாசிரியன் கடமையேயாம். அச்சொல் 'மரபணு' என்பது. மரபணுவில் நேரும் மாற்றத்தால் புற்று உண்டாகிறது என்று மருத்துவர் கூறக் கேட்டவுடன், அது அக்குடும்பத்தின் வழிவழி நோய் என்று நாம் துணிந்துவிடுகிறோம். பெண் கொடுக்கவும் கொள்ளவும் அஞ்சுகிறோம். நோயுற்ற வீட்டாரோ அந்நோயை மறைக்கின்றனர். மறைத்தலால் மருத்துவமும் காலந் தாழ்கிறது. இம்மயக்கத்தை நீக்கவல்லது ஜேனட் ரௌலி என்னும் அமெரிக்க அம்மையாரின் ஆராய்ச்சி.

இவ்வம்மையார் 1925-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிறந்தவர்; சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்றவர். அந்நாளில் அங்கு ஒரு வகுப்பின் 65 மாணவருள் மூவரே பெண்கள் என்னும் வரையறை இருந்தமையால், இடம் பெற அவர் ஒன்பது மாதம் காத்திருக்க நேர்ந்தது. பின்னர், நான்கு புதல்வர்களை வளர்த்துக்கொண்டே, பல்லாண்டுகள் வாரத்தில் சில நாள் மட்டும் பணி செய்துவந்தார்.

நம் உயிரணுக்களுள் 46 குரோமோசோம்கள் உள்ளன. மரபணுக்கள் அவற்றில் அமைந்தவை. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் ஒருவகை இரத்தப் புற்று உடையாரின் இரத்த அணுக்களில், ஒரு குரோமோசோம் குறுகியிருத்தலை 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர் கண்டனர். குறைந்த துண்டு அழிந்துபோயிற்று என்றே கருதப்பட்டது. அதன்பின் குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி வரிவரியாகப் பிரித்தறியும் முறை தோன்றியது. ரௌலி அம்மையார் அவற்றின் நிழற்படங்களைக் கத்தரித்து, வீட்டில் உணவு மேசையின்மேல் பரப்பி, இணை இணையாக ஒப்புநோக்கினார். அன்னை காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் நகைத்தனராம்! அவ்விளையாட்டே உலகிற்குப் பயன் தந்தது. 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்தது! அஃது அழியவில்லை, இடம் மாறியது. இதனை அவர் 1973-இல் 'நேச்சர்' என்னும் இதழில் வெளியிட்டார்.

இதனை ஓர் உவமையால் விளக்குவேன். ஏடெழுதுவோன் ஒருவன் மூல ஏட்டைப் பார்த்துப் படி எடுக்குங்கால், ஒரு சுவடியின் ஓலையை மற்றொரு சுவடியில் மாற்றிக் கோத்துவிட்டான் என்க. அப்பிழைப்படியைப் பார்த்து எழுதும் படிகள் எல்லாம் பிழையுறும். ஆயின் மூல ஏடு பழுதற்றே இருக்கும். இந்நோயும் இத்தன்மையதே. குருதியை ஆக்கும் அணு ஒன்றில், பிறந்தபின் நேர்ந்த பிழை அது. அவ்வணுவின் வழிப் பெருகிய அணுக்களில் மட்டும் காணப்படும். அதே நோயாளியின் தோலணுக்களில் அஃதில்லை. பெற்றோரிடமிருந்து வந்ததும் அன்று. பிள்ளைகட்குச் செல்வதும் அன்று. மரபணுவில் நேர்ந்த பிழை எல்லாம் மரபின் பிழை ஆகாது.

இடம் மாறிய பகுதிகள் இணைந்த விடத்தில், அணுக்களை ஓயாது பெருகச் செய்யும் புரதம் ஒன்று உண்டாதலைப் பின்வந்த அறிஞர் கண்டனர். அப்புரதத்தைத் தடுக்கும் 'இமாடினிப்' என்னும் மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முன்னர்ச் சில ஆண்டுகளில் உயிர் துறந்த இந்நோயாளருள், இன்று பலர் மாத்திரை உண்டு ஏனையோரைப் போல நெடுநாள் வாழ்கின்றனர். ரௌலி அம்மையார் 2013-இல் மறையுமுன் இப்பயனைத் தம் கண்ணாற் கண்டார்.

உண்மையை மறைத்தல் தகாது. ஆகலின் இதனையும் கூறுவேன். குடும்ப வழி வருகின்ற புற்றுநோய்களும் சில உள. குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஒருவகைப் புற்றும், மார்பகப் புற்றுள் ஒரு சிறு பகுதியும் அத்தகையன. எது வழிவழி வருவது, எது வாராதது என்பதை மருத்துவரே ஆய்ந்து கூறல் வேண்டும். திருமணம் பேசும் திண்ணையில் அமர்ந்து நாம் தீர்ப்புரைத்தல் ஆகாது.

அன்பர்களே! நம்முள் எவர் வீட்டிலேனும் இந்நோய் உண்டென்று கேள்வியுறின், குலத்தை வினவாதீர். மருத்துவம் நடைபெறுகிறதா என்று வினவுங்கள். அவ்வீட்டுப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரும் நல்ல சம்பந்தத்தை வீண் அச்சத்தால் தட்டாதீர்கள். நோயுற்றோர் மறைக்க வேண்டாத நிலையை உண்டாக்குவதே சங்கத்தார் கடமை.