பாட்டைப் பாடமாக்கிய பேராசிரியர்
(தியாகராய நகரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய உரை)



"கலையை வளர்த்தவர்கள்" என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. தி.நகர் வந்தா நமக்கு ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும்தான் ஞாபகம் வரும். ஆனா வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இருப்பது இதே தி.நகரில்தான். மார்கழி வந்தா கச்சேரிக்குக் கூட்டம் கூடும். மேடையில் பாடுறவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். அந்த இசையைப் புத்தகத்திலும் வகுப்பிலும் அருங்காட்சியகத்திலும் வைத்து சாதாரண மக்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒருத்தரைப் பற்றி நான் பேசப் போறேன். அவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

1901-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் சங்கீதம் கத்துக்கணும்னா குரு வீட்டில் இருந்து காதால் கேட்டுத்தான் கத்துக்கணும். எல்லாருக்கும் அது கிடைக்காது, பெண்களுக்கு இன்னும் கஷ்டம். சாம்பமூர்த்தி, கடற்கரை எதிரில் இருக்கும் ராணி மேரி கல்லூரியில் இசை ஆசிரியராக இருந்தார். 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. மற்ற பாடங்களைப் போல இசையையும் பெண்கள் வகுப்பில் உட்கார்ந்து படிச்சாங்க. 1931-ல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேல்நாட்டு இசையும் படிச்சுட்டு வந்தார். பிறகு சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையை நடத்தினார்.

அவர் எழுதிய "தென்னிந்திய இசை" ஆறு பாகம். அகராதி மாதிரி எழுத்து வரிசையில் ராகம், கருவி, வித்வான் பேரெல்லாம் தேடிப் பார்க்கிற நூலும் எழுதினார். 1971-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1973-ல் காலமானார்.

எனக்கு ரொம்பப் பெரிசாகத் தெரிவது வேற ஒரு வேலை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் இசைக் கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதியவர் அவர்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கருவி தானாப் பேசாது. அது எந்த மரம், எந்தத் தோல், யார் வாசிப்பாங்க, எப்போ வாசிப்பாங்கன்னு பக்கத்தில் எழுதி வைத்தால்தான் பார்க்கிற பிள்ளைக்குப் புரியும். வீணைக்குப் பலா மரம், நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். இதெல்லாம் செய்யுற ஆசாரிக்குத் தெரியும். எழுதினால்தான் ஊருக்குத் தெரியும்.

எழுதாம விட்டா என்ன ஆகும்னு கேட்டா, யாழைப் பாருங்க. நம்ம தமிழர் வாசிச்ச கருவி. செய்யும் முறையும் வாசிக்கும் முறையும் கைவிட்டுப் போச்சு. இலங்கையின் விபுலானந்த அடிகள் பழைய நூல்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 1947-ல் "யாழ் நூல்" வெளியிட்டார். போன பிறகு தேடுவது அவ்வளவு பாடு.

சகோதரிகளே, நம்ம ஊரில் போறது யாழ் இல்லை, நடவுப் பாட்டு. எங்க ஊரில் நடவுக்கு முன்வரி எடுத்துப் பாடுற பெரியம்மா ஒருத்தர் இருந்தாங்க. இப்போ அவங்களும் இல்லை, வயலில் நடவு மெஷின் ஓடுது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டு தெரிஞ்ச வயசானவங்க ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மூணு பேர்தான் மிச்சம்.

நமக்கு எழுதுறது புதுசா? வாரா வாரம் சந்தா, கடன், வட்டி எல்லாம் தீர்மான நோட்டில் எழுதுறோம், கையெழுத்துப் போடுறோம். அதே மாதிரி ஒரு பாட்டு நோட்டு போடுவோம். பாட்டு, பாடினவங்க பேரு, யாரிடம் கத்துக்கிட்டாங்க, எந்த வேலைக்குப் பாடுவாங்க, இந்த நாலும் எழுதினால் போதும். போனில் பதிவும் பண்ணலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சொல்லட்டும், பத்தாவது படிச்ச மகள் எழுதட்டும். பாடினவங்க பேரை மட்டும் விட்டுடாதீங்க, அது அவங்க சொத்து. அடுத்த ஆண்டு விழாவுக்குக் குழுவுக்குப் பத்துப் பாட்டாவது கொண்டு வரணும்னு இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டி வந்தவங்க, மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் போயிடலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போய்க் காட்டுங்க.