உப்புக் கரிக்கும் பிள்ளை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குழந்தை மருத்துவனாகிய நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

காரைக்கால் பக்கத்து மீனவ கிராமத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வயது ஐந்து, பார்த்தால் மூணுதான் சொல்லலாம். ஓயாத இருமல். மலத்தில் எண்ணெய் மிதக்கும். நம்ம ஊரில் இருமி இளைத்த பிள்ளை என்றால் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' தானே! நானும் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தேன். "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குது டாக்டரய்யா" என்றாள் பாட்டி. கடற்கரைப் பிள்ளை கரிக்காமல் என்ன செய்யும் என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். 1938இல் டாரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க அம்மையார் விவரித்த நோய். வியர்வையில் உப்பு மிகுதி என்பதை 1953இல் கண்டார்கள். 1989இல் ஏழாவது குரோமோசோமில் மரபணுவே பிடிபட்டது. வெள்ளைக்காரர் வியாதி என்றுதான் நாங்கள் படித்தோம். இங்கே தேடவில்லை, அவ்வளவுதான். வியர்வைக் குளோரைடு 60 மில்லிமோலைத் தாண்டினால் அநேகமாக இதுதான். இவனுக்குத் தாண்டியது. பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன். இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வளர்ற ஊசி இருக்காமே சார், போட்டுடுங்களேன்."

கடைமடைக்காரருக்குக் கடைமடைக் கணக்கிலேயே சொன்னேன். வளர்ச்சி ஹார்மோன் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருகிற உத்தரவு. கல்லீரல் அதைக் கேட்டு ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்தால்தான் எலும்பு நீளும். கணையக் குழாய் அடைபட்டுக் கொழுப்பு செரிக்காமல் போய், நெஞ்சில் சளியும் கிருமியும் குடியிருந்தால், உத்தரவு வந்தும் ஐ.ஜி.எஃப்-1 குறைந்துவிடும். (காரைக்காலுக்கும் காகிதத்திலே காவிரித் தண்ணீர் உண்டு, வயலுக்கு வருவது வேறு கணக்கு!) கணையம் மேலும் கெட்டால் இன்சுலினும் குறையும், அதுவும் வளர்ச்சிக்கு வேண்டியதுதான். பருவமடைவதும் தள்ளிப்போகும்.

ஊசி போட்டுப் பார்த்த ஆய்வுகளில் உயரம் கொஞ்சம் கூடியது உண்மை. நுரையீரலுக்குத் திட்டமான பலன் தெரியவில்லை. சர்க்கரை ஏறுகிறதா என்றும் கண்காணிக்க வேண்டும். அந்தப் பணத்தை முதலில் என்சைம் மாத்திரையில் போடுங்கள் என்றேன். ஒவ்வொரு சாப்பாட்டோடும் மாத்திரை, முட்டை, நெய், வைட்டமின், முதுகைத் தட்டிச் சளி எடுப்பது. சித்திரை வெயிலில் கூடுதல் உப்பு. உப்பு வற்றியே சுருண்டு விழும் பிள்ளைகள் உண்டு. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மும்மருந்து மாத்திரை சில மரபணு மாற்றங்களுக்கு அற்புதமாக வேலை செய்கிறது. அங்கே விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். படகை விற்றாலும் ஆகாது.

ஒரு வருஷத்தில் பையன் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தான். கதவு நிலையில் பாட்டி கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். அப்பா மட்டும் இன்னும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்கிறார், "அந்த ஊசி சார்?"