கேம் பாய்க்கு ஒயர் இல்லாமல் சார்ஜ்

கேம் பாய் என்றதும் உங்களில் பலருக்குத் திருவிழாக் கடைகளில் விற்ற பிரிக் கேம்தான் நினைவுக்கு வரும். 9999 ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். வாங்கிப் பார்த்தால் அதே கட்டைகள்தான் வேறுவேறு வேகத்தில் விழும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் வெளியிட்ட அசல் கேம் பாய். சாம்பல் நிற உடம்பு, பச்சை பாய்ந்த திரை, முதுகில் நான்கு பேட்டரி. கடையில் பென்சில் பேட்டரி என்று கேட்டு வாங்குவோமே, அந்த டபுள் ஏ. இந்தப் பழைய கருவிக்குள் ஒயர்லெஸ் சார்ஜிங் வைக்கலாம் என்றால் நம்புவீர்களா?

பழைய மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஓர் இளைஞர் தன் அண்ணனுடைய கேம் பாயைக் கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்ததாம். காம்பஸ் முனையால் அண்ணன் தன் பெயரை அதன் முதுகில் கீறி வைத்திருந்தார். "சார்ஜ் போடுற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே. ஆனா எங்கயும் ஓட்டை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். எனக்கு அந்த நிபந்தனை பிடித்துப்போயிற்று. டைப் சி பின் வைப்பதென்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கை அறுக்க வேண்டிவரும். அறுத்த ஓட்டை அறுத்ததுதான், திரும்ப அடைபடாது. ஒயர்லெஸ் சார்ஜிங்கின் காயிலோ, அதாவது கம்பிச் சுருளோ, பிளாஸ்டிக்குக்குப் பின்னாலிருந்தே வேலை செய்யும். வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையபடி நான்கு பேட்டரி போட்டுக்கொள்ளலாம்.

இது சாத்தியமாவதற்குக் காரணம் கேம் பாயின் சிக்கனம். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புத்தம்புது நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி விலை குறைந்த பொருளைப் புது வேலைக்குப் போடுவது அவர் வழக்கம். அதே காலத்தில் அட்டாரி லிங்ஸும் சேகா கேம் கியரும் வண்ணத் திரை, பின்விளக்கு என்று ஜொலித்தன. ஆறு பேட்டரி கேட்டன, அதையும் சீக்கிரமே குடித்துத் தீர்த்தன. கேம் பாயில் வண்ணமும் இல்லை, விளக்கும் இல்லை. அது கேட்பது 6 வோல்ட்டில் 0.7 வாட். போன்களுக்கு வரும் க்யூஐ (Qi) ஒயர்லெஸ் சார்ஜிங் முறையின் அடிப்படை அளவே 5 வாட். ஆக, உள்ளே வைக்கிற சிறிய காயிலே தாராளம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பிச் சுருளில் மாறிமாறி ஓடும் மின்சாரம், பக்கத்துச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். இதை 1831-லேயே மைக்கேல் ஃபாரடே காட்டிவிட்டார். சார்ஜிங் தட்டில் ஒரு சுருள், கருவியில் ஒரு சுருள், அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் தட்டு சும்மா மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதில்லை. மேலே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று விட்டுவிட்டு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிப் பார்க்கும். அந்தத் துடிப்பின் மின்சாரத்திலேயே கருவிக்குள் இருக்கும் சில்லு கண்விழித்து, பதில் சொல்லும். எப்படி? அதனிடம் ஆன்டெனா கிடையாது. தான் இழுக்கும் மின்சுமையைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அந்த அசைவு தட்டின் சுருளில் தெரியும். நொடிக்கு 2000 பிட் வேகத்தில், இரண்டு சுருள்களுக்கு நடுவே ஒரு பேச்சுவார்த்தை! கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் இலையைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவரின் கையசைவைப் பார்த்து ஊற்றுவாரே, அப்படித்தான். "இன்னும் கொஞ்சம்", "போதும்", "குறைச்சுக்கோ". பதில் நின்றுபோனால் தட்டும் உடனே நிறுத்திக்கொள்ளும். ஆஸிலோஸ்கோப்பில் இந்தச் சிறு படிகளைப் பார்க்க ஆரம்பித்தால் எனக்கு மற்ற வேலை ஓடாது.

சுருளுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஃபெரைட் தாள் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். கறுப்பாக, மெல்லியதாக, ஸ்டிக்கர் மாதிரி வரும். பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் என் கடைக்கு வந்தபோது, வேண்டுமென்றே அந்தத் தாளை எடுத்துவிட்டு, சுருளுக்குப் பின்னால் ஒரு தகரத் துண்டை வைத்துக் காட்டினேன். காந்தப்புலம் உலோகத்துக்குள் புகுந்து சுழல் மின்னோட்டமாகி வெப்பமாக வீணாகும். தகரம் சூடேறியது, தட்டின் விளக்கு மின்னியது, சார்ஜ் நின்றது. தாளை நடுவே செருகியதும் சமாதானம். கேம் பாயில் கேட்ரிட்ஜ் செருகும் இடம் மேல்பாதியில், பேட்டரி அறை கீழ்பாதியில். அதனால் பேட்டரி மூடியின் உட்புறம்தான் சுருளுக்குச் சரியான இடம்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கடிகாரம் என்னைப் பார்க்கிறது. கருவியைத் திறக்க மூன்று இறக்கை போன்ற முனையுள்ள திருப்புளி வேண்டும். 2000 மில்லி ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி ஒன்று, பாதுகாப்புச் சுற்றோடு. அதன் 3.7 வோல்ட்டை 6 ஆக உயர்த்த ஒரு சின்ன போர்டு. சார்ஜுக்கு டிபி 4056 சில்லு உள்ள போர்டு; அது வரும்போதே 1 ஆம்பியர் இழுக்கும்படி இருக்கும், மெல்லிய காயில் அதைத் தாங்காது. அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 வையுங்கள், பாதியாகிவிடும். சார்ஜ் ஏற நாலைந்து மணி நேரம், ஆட ஒன்பது மணி நேரம் என்று கணக்கு வருகிறது. சார்ஜ் ஏறும்போது ஆடாதீர்கள், தயவுசெய்து. பேட்டரி உப்பினால் அன்றோடு அதைக் கைவிடுங்கள்.

"ரீசார்ஜ் பேட்டரி நாலு வாங்கிப் போட்டால் போதாதா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். போதும்தான். ஒயரில் ஏற்றுவதைவிட இதில் மின்சாரம் கூடுதலாக வீணாவதும் உண்மை. ஆனாலும் ஆடி முடித்துத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிற சுகம் அதில் இல்லை.

பரணில் கேம் பாய் வைத்திருப்பவர்கள் காயில் வாங்கப் போகுமுன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி ஒழுகி, தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தகடு அரிக்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. உங்களுடையது அப்படியே இருக்கட்டும்.