முழங்கால் ஊசியும் காப்பீட்டு அட்டையும்



முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று இன்று வழங்கப்படும் திட்டம், 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் பெயரும் வரம்பும் மாறி, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அத்திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், முன்பு நிலத்தை அடகு வைத்தால்தான் முடியும் என்றிருந்த சிகிச்சை இன்று அட்டையைக் காட்டிப் பெறத்தக்கதாகியிருக்கிறது. இது சிறிய சாதனையன்று. ஆயினும் இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கென வகுக்கப்பட்டது. காலையில் போய் மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டுக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் வெளிநோயாளி அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். அந்த ஊசிக்கும் காப்பீடு வேண்டும் என்ற குரல் ஊர்தோறும் எழுவதன் காரணம் இதுதான். அக்குரலின் பின்னுள்ள வேதனை உண்மையானது என்பதாலேயே, கேட்கப்படும் பொருள் கேட்கத் தக்கதுதானா என்பதையும் ஆராய வேண்டியிருக்கிறது.

"ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று ஊரில் சொல்லப்படும் நோய்க்கு மருத்துவர் தரும் பெயர் மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழுவழுப்பாகப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிவதும், மூட்டுக்குள் ஊறி அதை இயங்கவைக்கும் நீர் தன் தன்மையை இழப்பதும், சுற்றியுள்ள தசை வலுவிழப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும்போது முட்டி வலிக்கிறது, வீங்குகிறது, மடக்க மறுக்கிறது. உலகில் 36 கோடிக்கு மேற்பட்டோருக்கு முழங்காலில் இந்நோய் உண்டு. மூட்டுத் தேய்மான நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். நாற்று நடவிலும் களையெடுப்பிலும் கடலை பறிப்பிலும் நாள் முழுதும் குனிந்தும் குத்தவைத்தும் உழைத்த புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் வட்டாரத்துப் பெண்களுக்கு இக்கணக்கு புதிய செய்தியாக இராது.

மூட்டுக்குள் செலுத்தப்படும் ஊசிகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது ஸ்டீராய்டு. 1951இல் ஜோசப் ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் இம்முறையைப் பற்றி எழுதிய நாள் முதல் நடைமுறையில் உள்ள இவ்வூசியின் விலை குறைவு. வீக்கத்தை அடக்கிச் சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். அடிக்கடி போட்டுக்கொள்வதற்கு உரியதன்று. 140 நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீதம் இரண்டாண்டுகள் போட்டுப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இரண்டாவது, "ஜெல் ஊசி" என்று அறியப்படும் ஹயலூரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், மூட்டு நீரில் இயல்பாகவே உள்ளது. பின்னாளில் சேவல் கொண்டையிலிருந்தும் எடுக்கப்பட்டு ஊசி மருந்தாயிற்று. குறைந்துபோன பசையை வெளியிலிருந்து ஊற்றினால் மூட்டு வழுக்கிக்கொண்டு ஓடும் என்ற எண்ணம் கேட்பதற்கு இனிது. ஆனால் 169 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2022இல் வெளியான மதிப்பீடு, இவ்வூசி தரும் வலிக்குறைவு நோயாளி உணரத்தக்க அளவை எட்டவில்லை என்றும், கடுமையான பக்கவிளைவுகள் கூடுதல் என்றும் கண்டது. மூன்றாவது, நோயாளியின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் திரும்பச் செலுத்தும் பிளாஸ்மா ஊசி. 288 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டின் முடிவில் அதற்கும் வெறும் உப்புநீருக்கும் வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

பொதுப்பணத்தை இவ்வூசிகளுக்குச் செலவிடுவது பற்றிப் பிற நாடுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர் ஜெல் ஊசிக்குப் பணம் தருகிறது. அந்நாட்டின் எலும்பு மருத்துவர் கழகமோ 2013இலேயே அதைப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ நெறிமுறை, 2022இல் வெளியான வடிவில், ஜெல் ஊசியை வழங்க வேண்டாம் என்கிறது. பிற மருந்துகள் பயன்தராதபோது ஸ்டீராய்டு ஊசியைக் கருதலாம் என்கிறது. தமிழ்நாட்டின் காப்பீட்டுப் பணம் ஏழையின் பணம். ஜெல் ஊசியும் பிளாஸ்மா ஊசியும் பட்டியலில் சேர்ந்தால் தொகை மருந்து நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேரும். நோயாளியின் முட்டிக்கு வந்து சேருவது சொற்பமே. ஆகவே அவ்விரண்டும் காப்பீட்டில் சேர வேண்டும் என்ற கோரிக்கை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுந்தாலும், ஏற்கத்தக்கதன்று.

அப்படியானால் எது கேட்கத் தக்கது? 2020இல் வெளியான ஓர் ஆய்வு 156 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பிரிவினருக்கு இயன்முறைப் பயிற்சியும் தந்தது. ஓராண்டு கழித்து வலியும் முடக்கமும் பயிற்சி பெற்றவர்களிடமே குறைந்திருந்தன. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய திட்டமொன்று, நோயாளிகளுக்கு இரண்டு விளக்க வகுப்புகளும் ஆறு வாரங்களில் பன்னிரண்டு மேற்பார்வைப் பயிற்சிகளும் அளித்து, பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. அப்பயிற்சியின் அடிப்படைக்குக் கருவி ஏதும் தேவையில்லை. நாற்காலியிலோ திண்ணையிலோ நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை மெல்ல நீட்டி, தொடைத்தசை இறுகுவதைக் கையால் தொட்டறிந்து, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது. படுத்தவாறு முட்டியின் அடியில் மடித்த துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்துவது. எளியவைதாம், ஆனால் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஒரு கண் வேண்டும், வலிக்கும்போது கைவிட்டுவிடாமலிருக்க ஒரு துணை வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்ற கணக்கையும் அந்தத் துணையே எடுத்துச் சொல்ல முடியும்.

அத்தகைய துணைக்கான வழி தமிழ்நாட்டில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் திட்டம். ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டவரைத் தேடி வரும் அந்தக் கை, எழுந்து நடமாடிக்கொண்டே வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை எளிதில் தவறவிட்டுவிடும். பயிற்சியை முன்கூட்டியே தொடங்கத் தக்க வயது அதுவே என்பதால் இது கவலைக்குரியது.

2017 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் மருந்து விலை ஆணையம், மாற்று முழங்கால் மூட்டுகளில் பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய் என உச்சவிலை விதித்தது. அரசு மனம் வைத்தால் முழங்காலின் செலவில் தலையிட முடியும் என்பதற்கு அது சான்று. அதே மனத்தோடு, அரிமளம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை முழங்கால் நாளாக அறிவித்து, இயன்முறை மருத்துவர் அன்று கட்டாயம் இருக்கச் செய்ய வேண்டும். வீக்கம் தணியாதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசியைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், போட்ட தேதியை நோயாளியின் கையேட்டில் குறித்து, கட்டணமின்றிப் போட வேண்டும். காப்பீட்டுத் திட்டம், மூட்டு மாற்றுக்கு முன்அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். அறுவை சிகிச்சையை மறுக்க அதைக் காரணமாக்காமல், தரப்படாத பயிற்சிக்குப் பணம் ஒதுக்க அதை ஆதாரமாக்க வேண்டும். இக்கோரிக்கைகளைக் கிராம சபைகளும் பேரூராட்சி மன்றமும் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பத் தடையேதும் இல்லை; வட்டாரத்தின் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே முதல் தீர்மானம் எழுதப்படலாம்.