வாசலுக்கு வந்த பூனையும் வீட்டிலிருக்கும் குட்டிகளும்



நம் சேவுகம்பட்டியில் பூனை எட்டிப் பாராத வீடு அரிது. ஆகவே, சென்ற மழைக்காலத்தில் என் இல்லத்தில் நடந்ததை மறைக்காமல் கூறுகிறேன்.

தாயை இழந்த மூன்று பூனைக்குட்டிகளை நாங்கள் வளர்த்து வந்தோம். இரண்டு மாதக் குட்டிகள். ஒருநாள் மஃரிபுக்குப் பின், மழையில் நனைந்து நடுங்கிய ஒரு தெருப் பூனையை என் இளைய மகள் துணியில் சுற்றித் தூக்கி வந்தாள். நானும் ஹதீஸ்களைச் சொல்லி மகிழ்ந்து, குட்டிகளின் கூடையிலேயே அதற்கும் இடம் தந்தேன். ஒரே தட்டில் உணவும் வைத்தோம். ஆறாம் நாள் ஒரு குட்டி வாந்தி எடுத்தது. பின்னர் வயிற்றுப்போக்கு. மூன்று நாட்களுக்குள் இரண்டு குட்டிகள் இறந்துவிட்டன. புதிய பூனையிடமிருந்து வைரஸ் தொற்றியிருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். “அத்தா, நாம நல்லதுதானே செஞ்சோம்?” என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). அடைத்து வைப்பவர் மீது உணவும் நீரும் கடமையாகிவிடுகின்றன. இயலாதவர் அடைக்க வேண்டாம். வாசலில் ஒரு தட்டு வைத்தால் போதும். சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260–1277) கெய்ரோவில் ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்ததாக எட்வர்ட் லேன் எழுதியுள்ளார்.

பூனை வாய்வைத்த நீரைப் பற்றிச் சிலர் கேட்கிறீர்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூவுக்கான பாத்திரத்தைப் பூனைக்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வருவது என்ற நபிமொழியையும் அறிவித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). நம் ஹனஃபி மத்ஹபில் வேறு நீர் இருக்கும்போது அது மக்ரூஹ், அவ்வளவே. ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதால் மணல் தட்டைத் தொழுமிடத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

இனி, நான் மறந்துபோன ஹதீஸுக்கு வருகிறேன். நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்லக் கூடாது என்று பெருமானார் (ஸல்) தடுத்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). இதை அறிவிப்பவர், பூனைக்குட்டியால் பெயர்பெற்ற அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள்தாம்! மத்ரஸாவில் பலமுறை ஓதியிருக்கிறேன். என் வீட்டுக் கூடையை அதனுடன் சேர்த்து நினைக்கவில்லை.

எனவே புதிய பூனையை இரண்டு வாரங்களாவது தனி அறையில் வையுங்கள். தட்டு, துணி, மணல் அனைத்தும் தனி. முதலில் குட்டிகளுக்கு உணவளித்துவிட்டு, பிறகு அதனிடம் செல்லுங்கள். திரும்புகையில் கைகழுவி ஆடை மாற்றுங்கள். ‘பேன்லூகோபீனியா’ எனும் அக்கொடிய நோயின் வைரஸ் ஓரிடத்தில் ஓராண்டு வரைகூடத் தங்கும். சோப்புக்கு அது சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் வேண்டும். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். பசும்பாலைத் தவிருங்கள், பல பூனைகளுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். பூனை கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்மார்களே, பிள்ளைகள் பயந்து மறைப்பார்கள், அதட்டாமல் கேளுங்கள்.

இரு வாரம் கழிந்ததும், ஒன்றின் துணியை மற்றதன் இடத்தில் போட்டு வாசனையைப் பழக்குங்கள். சீறினால் அடிக்காதீர்கள், அது அச்சம். கண்காணிப்பின்றிக் குட்டிகளுடன் விடாதீர்கள்.

பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். இரண்டே மாதத்தில் ஈனும். கருத்தடை கூடுமா? பயனுக்காகவோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்குக் காயடிப்பதில் தவறில்லை என ஃபதாவா ஆலம்கீரி கூறுகிறது. குப்பையில் குட்டிகளை வீசுவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

மகளிடம் பிறகு சொன்னேன்: “இரக்கம் உன்னுடையதும்மா. கூடையில சேர்த்து விட்டது அத்தாவோட தப்பு.” அந்தக் கூடையை எரித்துவிட்டோம். எஞ்சிய குட்டி பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்! இன்று அத்தெருப் பூனையின் வயிற்றோரம்தான் உறங்குகிறது. மகள் மட்டும் இரண்டு தட்டுகளையும் இன்னும் தனித்தனியாகவே கழுவி வருகிறாள்.