காஸ்டெலானியின் பொன் துகள்

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் சீமாட்டிகள் சிலர் விருந்துக்குப் போட்டுப்போன நகைகள், அன்று காலைதான் ஏதோ கல்லறையிலிருந்து எடுத்தவை போலிருக்கும். இந்த மோகத்தைக் கிளப்பியதில் பெரும்பங்கு ரோமாபுரியின் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றுக்கு உண்டு. காஸ்டெலானி என்று பெயர்.

1814-இல் கடை வைத்த ஃபோர்த்துனாத்தோ பியோ காஸ்டெலானி, ஊர் கேட்ட பாணியில்தான் நகை செய்துகொண்டிருந்தார். 1836-இல் இத்தாலியின் செர்வெட்டேரியில், ரோமானியருக்கு முந்தைய எட்ரூஸ்கன் மக்களின் கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டுப் பொன் வேலை வெளியே வந்தது. தகட்டின்மேல் கோலம்போல வரிசை வரிசையாகப் பொன் துகள்கள். சில கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் துகள்கள் தகட்டில் எப்படி ஒட்டின?

இங்கேதான் தொழில் சங்கடம். பற்றவைக்கும் பொடி வைத்து ஊதினால், உருகிய பொடி துகள்களின் இடுக்கெல்லாம் வழிந்து அடைத்துவிடும். துகள் துகளாகத் தெரியாது, மேடாகிவிடும். ஃபோர்த்துனாத்தோவும் மகன்கள் அலெஸ்ஸாந்த்ரோவும் அகுஸ்தோவும் இதோடு பல்லாண்டு மல்லுக்கட்டினார்கள். பழைய கைமுறை மலைநாட்டில் எங்காவது தங்கியிருக்கும் என்று தேடி, சாந்தாஞ்சலோ இன் வாதோ என்ற சிற்றூரிலிருந்து கைவினைஞர்களை ரோமுக்கு அழைத்துவந்தார்கள். பொடியை மாவினும் நைசாக அராவினார்கள். பற்றவைப்பில் வழக்கமாகப் போடும் வெங்காரத்தை விட்டுவிட்டு ஆர்சனிக் உப்பைப் போட்டுப் பார்த்தார்கள். அழகாகவே வந்தது. ஆனாலும் மிக நுண்ணிய எட்ரூஸ்கன் வேலை தங்களுக்குக் கைவரவில்லை என்று அலெஸ்ஸாந்த்ரோவே வெளிப்படையாகச் சொன்னார். நகை விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

சூட்சுமம் 1930-களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயரால் துலங்கியது. செப்பு உப்பைப் பசையில் குழைத்துத் துகளை ஒட்டிச் சூடேற்ற வேண்டும். பசை கரியாகும், கரி அந்த உப்பைச் செம்பாக மாற்றும், தொடும் இடத்தில் மட்டும் செம்பும் பொன்னும் கலந்து இளகிப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பொடியே வேண்டாம்.

காஸ்டெலானி நகைகளை எப்படி மதிப்பிடுவது? வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது. பின்னிய இரண்டு 'சி' எழுத்துகளை முத்திரையாகப் பதித்து, இது எங்கள் காலத்து வேலை என்று சொல்லியும் விட்டார்கள். ஆனால் பல உருப்படிகளில் ஒழுங்கு கொஞ்சம் மிகை. மாதிரியை விட்டு விலகப் பயந்த கை தெரிகிறது.

என் ஓட்டு கார்லோ ஜூலியானோவுக்கு. நேப்பிள்ஸ்காரர், 1860 வாக்கில் லண்டன் வந்தவர். அவரும் முதலில் இதே எட்ரூஸ்கன் வழியில்தான் செய்தார். பிறகு மறுமலர்ச்சிக் காலத்து எனாமல் பக்கம் திரும்பி, வெள்ளை எனாமலில் கறுப்புப் புள்ளி தூவிய பதக்கங்களைச் செய்தார். எந்தப் பழைய நகைக்கும் அவை நகல் அல்ல. கழுத்தில் கனமாக உட்காருவதும் இல்லை. 1895-இல் அவர் மறைந்தார். மகன்கள் 1900-இல் கொடுத்த உருப்படிகள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் போகிற நேயர்கள் அவசியம் விசாரித்துப் பாருங்கள்.