பரிணாமம் கற்பிக்கும் பாடமும் பொறியாளர் கடமையும்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இயற்கையின்பால் பொறியாளருக்குள்ள கடமை குறித்து உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம், பள்ளி ஆசிரியர். எனினும், பொறியாளராகப் போகும் பிள்ளைக்கு முதன்முதலில் அளவுகோல் பிடிக்கக் கற்பிப்பவர் பள்ளி ஆசிரியரே அன்றோ? அவ்வுரிமை பற்றிச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்கின்றோம்.

1858-ஆம் ஆண்டின் கோடையில் இலண்டன் மாநகரில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. சூலைத் திங்கள் முதல் நாள் லின்னியன் கழகத்தில் டார்வின், வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகள் படிக்கப்பெற்றன. உயிர்களிடம் சிறு சிறு மாறுதல்கள் தோன்றுகின்றன, சூழலுக்குப் பொருந்துபவை நிலைக்கின்றன, பொருந்தாதவை மறைகின்றன, இங்ஙனம் நெடுங்காலத்தில் உயிரினங்கள் உருவாயின என்னும் கொள்கை அன்று உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே கோடையில், நகரின் கழிவெல்லாம் கலந்த தேம்ஸ் ஆறு வெப்பத்தால் நாறியது. ஆற்றங்கரையிலிருந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர் அமர்ந்திருக்க இயலவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்புண்டு என்று அன்று எண்ணியவர் அரியர்.

நாற்றம் தம் மூக்கைத் தீண்டியதும் நாடாளுமன்றத்தார் அவ்வாண்டே சட்டம் இயற்றினர். ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் 1859 முதல் மாபெரும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தார். காலரா அந்நகரை விட்டு அகன்றது. 1866-இல் அது இறுதியாகத் தாக்கியபோது, புதிய கால்வாய்ப் பணி முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனில், ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில்தான், ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. பொறியியலின் பயன் கடைசியாக யாரைச் சென்றடைகின்றது என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் அப்பெரும்பணி கழிவை இல்லாமற் செய்யவில்லை. நகருக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டது. இடம் மாறியதேயன்றி இடர் தீரவில்லை.

இங்கேதான் பரிணாமம் கற்பிக்கும் முதற்பாடம் வருகின்றது. டார்வின் தம் இறுதி நூலை 1881-இல் மண்புழுவைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று வெளிவருகின்றது எனக் கணக்கிட்டார். உதிர்ந்த இலை புழுவுக்கு உணவு. புழுவின் கழிவு பயிருக்கு உணவு. காட்டில் குப்பை வாருவதற்கென்று ஓர் இனம் பிறப்பால் ஒதுக்கப்படவில்லை. ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிரின் உணவாகும்படி பரிணாமம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வழிவகுத்துள்ளது.

இப்பாடத்தைப் பொறியியல் 1914-இல் மான்செஸ்டர் நகரில் கற்றுக்கொண்டது. ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீருள் காற்றைச் செலுத்தி, அடியில் படியும் கசடை வெளியேற்றிவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். கசடில் பெருகிய நுண்ணுயிர்கள் கழிவை உண்டு நீரைத் தெளிவித்தன. இன்று உலகெங்கும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் பல இம்முறையில் இயங்குகின்றன. இயந்திரம் காற்றைத் தருகின்றது. வேலையைச் செய்வது உயிர்களே.

இரண்டாம் பாடம், சிறிது மாற்றிச் சோதித்து நல்லதைக் கொள்ளுதல். 1964-இல் பெர்லின் நகரில் இங்கோ ரெஷன்பெர்க் என்னும் பொறியாளர், ஐந்து கீல்களால் இணைத்த ஒரு தகட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார். கீல் ஒவ்வொன்றுக்கும் 51 நிலைகள். ஆகவே தகடு கொள்ளக்கூடிய வடிவங்கள் ஏறத்தாழ 34 கோடியே 50 இலட்சம். அவற்றுள் காற்றின் தடை மிகக் குறைந்த வடிவத்தைக் காணவேண்டும். அவர் எல்லாவற்றையும் சோதிக்கவில்லை. தற்செயலாகச் சிறு மாறுதல் செய்தார். நலமாயின் வைத்துக்கொண்டார், இல்லையேல் விட்டுவிட்டார். சில நூறு சோதனைகளிலேயே விடை கிடைத்தது. பரிணாமத்தின் வழியையே ஒரு பொறியியல் முறையாக்கிய பெருமை அவரைச் சாரும்.

மூன்றாம் பாடம், பரிணாமத்தின் குறையை அறிதல். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பு மூளையிலிருந்து நேரே செல்வதில்லை. கழுத்து முழுவதும் இறங்கி, இதயத்தருகே பெருங்குழாயைச் சுற்றி, மீண்டும் பல அடி மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. ஏன்? கழுத்தற்ற மீன்போன்ற முன்னோரிடம் அது நேர்வழியாக இருந்தது. கழுத்து நீண்டபோது நரம்பும் உடன் நீண்டது. இயற்கை இருப்பதை ஒட்டுப்போடுமேயன்றி, அழித்துவிட்டுப் புதிதாக வரையாது. மேலும் இயற்கைக்கு இரக்கம் இல்லை. அதன் சோதனையில் தோற்ற உயிர் மடிகின்றது. பொறியாளனோ பழைய வரைபடத்தைக் கிழித்தெறியலாம். மனிதர்மீது சோதிக்காமல் மாதிரியின்மீது சோதிக்கலாம். இவ்விரு உரிமைகளும் அவனுக்கு இருப்பதால்தான் அவனுக்குப் பொறுப்பும் இருக்கின்றது.

நண்பர்களே, இவ்வுரிமைகள் பயன்படுத்தப்படாமையால் விளைந்த கேட்டினை நம் மக்கள் அறிவார்கள். பாதாளச் சாக்கடையின் வாயிலுக்குத் தமிழில் ஆளிறங்கு குழி என்று பெயர். ஆள் இறங்குவான் என்பது பெயரிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இறங்கும் ஆள் யார் என்பதைச் சாதி முடிவு செய்தது.

அக்குழியில் நிகழ்வதை விஞ்ஞானம் தெளிவாகக் கூறுகின்றது. கழிவுநீர் தேங்கும்போது அதிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகின்றது. அப்போது பிராணவாயு இன்றியே வாழவல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்குவது. சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது முகரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்யும். ஆகவே இறங்கியவர் ஆபத்தை உணருமுன் வீழ்கின்றார். அவரைத் தூக்கச் சென்றவரும் வீழ்கின்றார்.

இதனைத் தடுக்கும் வழியும் பாடநூலில் உண்டு. போதிய சாய்வு கொடுத்து, கழிவுநீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திற்குக் குறையாமல் ஓடும்படி செய்தால் கசடு படிவது குறையும். வரைபடத்தில் சாய்வு பிழைத்தால், பல ஆண்டுகளுக்குப் பின் எங்கோ ஒருவருடைய மூச்சு நிற்கின்றது. வரைந்தவர் அவரை அறியார்.

உலர் கழிப்பிடங்களையும் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதையும் தடை செய்து 1993-இல் சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததேயன்றி இறப்பு நிற்கவில்லை. சட்டம் ஆளை இறங்காதே என்னும். இறங்கத் தேவையில்லாத குழியை அமைக்கவேண்டியவர் பொறியாளரே.

அமைக்க இயலும் என்பதற்குச் சான்றுகள் உள. 1970-இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேசுவர் பாடக் பொறியாளர் அல்லர், சமூகவியல் பயின்றவர். அவர் பரப்பிய இரட்டைக்குழிக் கழிப்பிடத்தில் ஒரு குழி நிறைந்ததும் கழிவு மற்றதற்குத் திருப்பப்படும். மூடிய குழி ஏறத்தாழ ஈராண்டு ஓய்விலிருக்க, மண்ணின் உயிர்கள் கழிவை வாடையற்ற உரமாக்கும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் இக்குழி அமையலாகாது என்பதையும் மறத்தல் கூடாது. 2018-இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் ஆளுக்குப் பதிலாகக் குழியில் இறங்கும் பாண்டிகூட் என்னும் இயந்திரத்தைப் பயனுக்குக் கொணர்ந்தனர். தமிழ்நாட்டு நகரங்கள் சிலவும் அதனை வாங்கியுள்ளன.

கழிவு குறித்த பொறியியல் உங்களுக்கே உரியது என்று நாம் கூறவில்லை. கழிவு என்றால் நம்மவர் என ஒதுக்கும் வழக்கம் கல்லூரிக்குள்ளும் நுழைதல் கூடாது. எக்குடியிற் பிறந்த பொறியாளருக்கும் இது கடமை. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாடில் குளத்து நீரை அருந்தும் உரிமைக்காகப் போராடினார். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் நீர்ப்பாசனத்தையும் மின்சக்தியையும் கவனித்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு வழிகோலினார். நீர் மறுக்கப்பட்டவர் நாடு முழுவதற்கும் நீர்த்திட்டம் வகுத்தார். நீங்களும் அணை, பாலம், மின்சாரம், கணிப்பொறி என எத்துறையிலும் சிறத்தல் வேண்டும்.

எத்துறையில் இருப்பினும், வரைபடத்தில் கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதிலிருந்து வெளியேறும் கழிவு எங்கே செல்லும், எவ்வுயிருக்கு உணவாகும்? இது பழுதுபட்டால் துன்புறுபவர் யார்? இதனைப் பேணுபவர் கை எதைத் தொடவேண்டியிருக்கும்? மூன்றுக்கும் நல்விடை கிடைக்காதாயின் மீண்டும் வரையுங்கள். மேலதிகாரி விரைவுபடுத்தினாலும், ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தாலும் வரையுங்கள். நம் வீட்டுப் பிள்ளை பொறியாளராகி, ஆள் இறங்கும் குழியை அதே வடிவில் மீண்டும் வரைவாராயின், அப்பட்டத்தால் நம் தெருவுக்கு யாது பயன்?

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தந்து உதவிய சங்கம் உங்களிடம் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. இவ்வினாக்களை மறவாதிருக்குமாறு மட்டுமே கேட்கின்றது.  வளர்க கல்வி! ஓங்குக சங்கத்தின் தொண்டு!